மலையில் காயவைத்த பால்சுறா

மே 8

வந்து சேர்ந்துவிட்டேன். மே பிறந்து ஒரு கிழமை ஆகியும் இங்கே முழங்கால் வரை பனி. ஸ்னோமொபைல் என்கிற பனிவண்டியில் டோரீனுக்குப் பின்னால் இருந்து மலை ஏறியதில் என் இடுப்பு கழன்றுபோயிற்று. அவளுக்கு என்னைவிட மூன்று வயது கூட. இறங்கினதும் இறங்காததுமாகக் கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டாள்.

நகரத்து வைத்தியசாலைச் சமையலறையில் அவளும் நானும் பல வருடம் ஒன்றாகக் கிழங்கு உரித்தவர்கள். நான் பங்குனியில் ஓய்வு பெற்றேன். வீட்டில் கிடந்து என்ன செய்யப் போகிறீர், மலைக்கு வாரும், ஐந்து கிழமை மான் காக்கிற வேலை என்று அவள்தான் பிடித்து இழுத்து வந்தாள். அவள் இந்த மண்ணின் பூர்வகுடி, இந்த மலை அவளுடைய சனத்தின் மலை. பட்டியை நடத்துவதும் அவர்கள்தான்.

பட்டி என்றால் ஆட்டுப்பட்டி போல இல்லை. காட்டிலேயே ஒரு பெரிய துண்டை, ஆளுயரத்துக்கும் மேலே கறுப்புத் துணியால் சுற்றி மறைத்து, வெளியே கரண்ட் கம்பி இழுத்திருக்கிறார்கள். உள்ளே கர்ப்பிணிக் கரிபுகள். கரிபு என்பது பனிக்காட்டு மான். இந்தச் சாதியில் பெட்டைக்கும் கொம்பு உண்டு. அவை குட்டி போட்டு, குட்டி நன்றாக ஓடப் பழகும்வரை ஓநாயும் கரடியும் கிட்ட வராமல் பார்ப்பது எங்கள் வேலை. ஆடி கடைசியில் கதவைத் திறந்து விடுவார்கள்.

மைக்கா என்கிற தாடிக்கார உயிரியலாளர் எங்களுக்கு முன்பே வந்து காத்திருந்தார். சட்டங்களைச் சொன்னார். உரத்துக் கதைக்கக்கூடாது. சாப்பாடு போடும் நேரம் தவிர உள்ளே போகக்கூடாது. மானைக் கண்ணுக்குக் கண் பார்க்கக்கூடாது. குட்டி போடத் தனியே போன மானைத் தேடிப் போகவே கூடாது. மணம் உள்ள சாமான் எல்லாம், பற்பசை உட்பட, கரடி திறக்கமுடியாத இரும்புப் பெட்டிக்குள் போகவேண்டும். என் மிளகாய்த்தூள், தேங்காய்ப்பால் மா, தைலப் போத்தல் எல்லாவற்றையும் கொடுத்தேன்.

ஒரு பொதியை மட்டும் கொடுக்கவில்லை. அது நான் தின்பதற்குக் கொண்டுவந்தது அல்ல. ஆறு பொலித்தீன் பை போட்டுக் கட்டியிருக்கிறேன், மணம் வராது.

மே 9

நித்திரை இல்லை. டோரீனின் குறட்டைக்கு ஓநாய் கிட்டவராது.

மே 11

வேலை பிடிபட்டுவிட்டது. காலையும் மாலையும் வேலியைச் சுற்றி நடந்து கம்பியில் கரண்ட் ஓடுகிறதா என்று பார்க்கவேண்டும். மரக்கிளை விழுந்திருந்தால் இழுத்துப் போடவேண்டும். பிறகு தொட்டிகளில் தீவனம். மிச்ச நேரமெல்லாம் மரப்பாசி துப்பரவாக்குவது.

இந்தப் பாசி ஊசியிலை மரங்களில் கிழவன் தாடி போலத் தொங்குகிறது. கரிபுக்கு மாரிப் பனிக்காலம் முழுக்க இதுதான் உயிர். பட்டிக்குள் இருப்பது போதாது என்று கீழே இருக்கும் சனங்கள் மூட்டை மூட்டையாகச் சேர்த்து அனுப்புகிறார்கள். அதில் ஊசியிலையும் சுள்ளியும் கலந்திருக்கும். மேசையில் கொட்டிப் பிரித்து எடுக்கவேண்டும். அரிசியில் கல் பொறுக்கிய கைக்கு இது ஒரு வேலையா? டோரீன் ஒரு மூட்டை முடிக்குமுன் நான் மூன்று முடித்தேன். மெல்லச் செய்யும், மூட்டை தீர்ந்தால் என்ன செய்வீர் என்று அவள் கேட்டாள். சுளகு ஒன்று கொண்டுவந்திருக்கலாம்.

ஏன் இந்த மான் இப்படிக் குறைந்துபோயிற்று என்று அவள்தான் விளங்கப்படுத்தினாள். கம்பனிகள் பழைய காட்டை வெட்டின. வெட்டிய இடத்தில் இளஞ்செடி வந்தது. அதைத் தின்ன மூஸ் என்கிற பெரிய மான் வந்தது. மூஸைத் தின்ன ஓநாய் வந்தது. மரம் ஏற்றிய லொறி ஓடிய பாதை ஓநாய்க்கு நல்ல வசதி, முன்பு எட்டாத உயரத்துக்கெல்லாம் ஏறி வந்து கரிபையும் தின்றது. அவளுடைய சனம் கரிபு வேட்டையைத் தாங்களாகவே நிறுத்திப் பல காலம். அவள் வாழ்நாளில் அந்த இறைச்சியை ஒரு தடவைதான் தின்றிருக்கிறாள். அதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை.

மே 15

மான்களுக்குப் பெயர் வைக்கக்கூடாது, கழுத்துப் பட்டியில் இருக்கும் இலக்கத்தைத்தான் சொல்லவேண்டும். டோரீன் எல்லாவற்றுக்கும் தன் மச்சாள்மாரின் பெயர்களை வைத்திருக்கிறாள். தொட்டியில் மற்றதை இடித்துத் தள்ளுகிறவளுக்கு மூத்த மச்சாளின் பெயர்.

எனக்குப் பதினேழாம் இலக்கத்தில்தான் கண். இளசு. இதுதான் தலைச்சன். மற்றவை தின்று முடியும்வரை ஒதுங்கி நின்று கடைசியாகத்தான் வருகிறது. வயிறு இரண்டு பக்கமும் தள்ளிக்கொண்டு நிற்கிறது. நடக்கும்போது எல்லாக் கரிபுக்கும் காலில் ஒரு சொடக்குச் சத்தம் கேட்கும், அது அவற்றின் நரம்பின் அமைப்பாம். பதினேழின் சொடக்கை நான் கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன்.

மகள் ஆரபியிடமிருந்து செய்தி வந்தது. இங்கே போன் எடுக்காது, செய்மதிக் கருவி ஒன்றில் இரண்டு வரி வரும். “சுகமாக இருக்கிறன். டொக்டர் எல்லாம் சரி எண்டவர். நீங்கள் கவனம்.” அவ்வளவுதான். கால் வீக்கம் எப்படி, சீனி எப்படி, குழந்தை தலை திரும்பியதா, ஒன்றும் இல்லை. எழுதிக் கேட்டேன். பதில் இல்லை.

மே 16

பதில் இல்லை.

மே 20

முதல் கன்று. எட்டாம் இலக்கம் காலையில் தொட்டிக்கு வரவில்லை. வராவிட்டால் அதுதான் செய்தி என்றாள் டோரீன். மத்தியானம் தொலைநோக்கியில் பார்த்தோம். செம்மண் நிறத்தில் ஒரு துண்டு, நாலு குச்சிக் காலில் எழும்பி, விழுந்து, திரும்ப எழும்பியது. யாராவது போய்ப் பிடிக்கவேண்டாமா என்று கேட்டுவிட்டேன்.

“இரும், மலர்” என்றாள் டோரீன். ஆங்கிலத்தில்தான் சொன்னாள், ஆனால் அவள் சொல்வதெல்லாம் என் காதில் எங்கள் தமிழில்தான் விழுகிறது.

இருந்தேன். அது தானாகவே எழும்பியது.

மே 23

மழையும் பனியும் கலந்து கொட்டுகிறது. வெளியே போகமுடியவில்லை. டோரீன் சீட்டுக்கட்டை எடுத்தாள். நான் ஒரு ஆட்டத்துக்கு மூன்று தடவை எழும்பி ஜன்னலைப் பார்த்தேன். நீர் கதிரையில் இருக்கிறீரா, கதிரை உம்மில் இருக்கிறதா என்று பகிடி பண்ணினாள். பிறகு, மகள் என்ன சொன்னவள் என்று கேட்டாள். மானைப் பார்ப்பதுபோல, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டதால் நானும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

நல்லூர்த் தேர்த் திருவிழாவில் ஊர்ச்சனத்துக்குச் சொன்னால் சிரிப்பார்கள். தலைப்பிரசவம். தாய் பக்கத்தில் நிற்கவேண்டும், பத்தியம் காய்ச்சவேண்டும், நாற்பத்தொரு நாள் கழியும்வரை பிள்ளையின் கை தண்ணீரில் படக்கூடாது. நான் தைமாதமே டொரொண்டோவுக்கு டிக்கெட் பார்த்துவிட்டேன். அவள் போனில் சொன்னாள்: “ஒரு மாசம் கழிச்சு வாங்கோ அம்மா. உங்கட அந்தரம் எனக்கும் தொத்துது. நீங்கள் நிண்டா எனக்கு நெஞ்சு படபடக்குது.”

எனக்கென்ன அந்தரம்? நான் எதற்கும் பதறி அந்தரப்படுகிறதில்லை. வரவேண்டாம் என்றால் போகமாட்டேன். அதோடு முடிந்தது. அதனால்தான் மலைக்கு வந்தேன், நல்ல காற்று.

அடுத்த வியாழன் தீவனம் கொண்டுவருகிற ஹெலிகொப்டரில் ஒரு ஆளுக்கு இடம் இருக்குமா என்று டோரீனிடம் கேட்டேன். சும்மா ஒரு அறிவுக்கு.

மே 27

இரண்டு நாளாக நல்ல வெயில். பனி சுருங்கி நிலம் தெரிகிறது. முயல்களின் முதுகு மண்ணிறமாகிவிட்டது, கால்கள் மட்டும் இன்னும் வெள்ளை. அரைகுறையாக உடுப்பு மாற்றிக்கொண்டு ஓடுகின்றன.

பொதியை அவிழ்த்துப் பார்த்தேன். பயந்தபடியே ஈரம் ஏறியிருந்தது. பால்சுறாக் கருவாடு. ஊரில், பேசாலைக் கடற்கரையில் இருக்கும் என் தங்கை தெரிந்த ஆட்களிடம் கொடுத்து அனுப்பியது. இப்போது நல்ல பால்சுறா எங்கே கிடைக்கிறது? உப்புக் கூடினால் பிள்ளைப்பெற்ற உடம்புக்கு ஆகாது, அதனால் குறைந்த உப்பில் சொல்லிப் போட்டது. பத்தியச் சரக்குத்தூள் போட்டு இதை வறை வறுத்துக் கொடுத்தால் பால் தானாக ஊறும். வீட்டில் விட்டுவந்திருக்கலாம். ஆனால் கரண்ட் நின்றால் பிரிட்ஜில் பழுதாகும் என்றுதான் கொண்டுவந்தேன்.

டோரீன் மத்தியான நித்திரை. நாங்கள் தங்கும் கொட்டிலுக்குப் பின்னால் வெயில் விழும் பாறை ஒன்று இருக்கிறது. அதைக் கழுவித் துடைத்து, கருவாட்டுத் துண்டுகளைப் பரப்பிவைத்தேன். ஒரு மணித்தியாலம் போதும். பக்கத்திலேயே இருந்து பாசி பிரித்தேன்.

இடையில் செய்திக் கருவி சத்தம் போட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். மைக்காவின் காலநிலை அறிவிப்பு. திரும்பி வந்தால் பாறையில் இரண்டு சாம்பல் குருவிகள். டோரீன் இதைக் கள்ளன் என்பாள், கொட்டிலுக்குள் வந்து பாண் ரொட்டியைக் கொத்திக்கொண்டு போகிற சாதி. “சூ” என்று விரட்டினேன். ஒன்று வாயில் துண்டோடு பறந்து மரத்தில் இருந்து என்னைப் பார்த்தது. நாலைந்து துண்டு குறைகிறது. போகட்டும், அதுவும் வயிறு உள்ளதுதானே.

நன்றாகக் காய்ந்துவிட்டது. ஏழு பை போட்டுக் கட்டினேன்.

மே 28

ஹெலி வந்து தீவனம் இறக்கிவிட்டுப் போனது. இடம் இருந்தது. நான் கேட்கவில்லை. ஹெலிச் சத்தம் கேட்டால் எனக்கு இன்னமும், ஊரில் சண்டைக் காலத்தில் போல, வீட்டுக்குள் ஓடி மேசைக்குக் கீழே போகத்தான் மனம் சொல்லும். டோரீன் அது தெரிந்து என் கையில் பெரிய மூட்டையைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்வாள்.

மே 31

காலைத் தீவனம் போட்டு வெளியே வந்தபோது கரிபுகள் ஒரேயடியாகத் தலையைத் தூக்கின. மறுகணம் எல்லாம் பட்டியின் மேற்குப் பக்கத்துக்கு ஓடின. கன்றுகள் தாய்களின் பின்னால். பதினேழு மட்டும், வயிற்றைத் தூக்கிக்கொண்டு, தனியே கிழக்குப் பக்கச் சரிவில் விழுந்து எழும்பி மரங்களுக்குள் மறைந்தது.

வேலிக்கு வெளியே கிரிஸ்லி என்கிற பெரிய மண்ணிறக் கரடி. பின்காலில் எழும்பி நின்று ஸ்புரூஸ் என்கிற ஊசியிலை மரம் ஒன்றின் பட்டையை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தது. மரம் ஆடியது. அந்த மரம் சாய்ந்தால் வேலியின் மேலேதான் விழும். டோரீன் கரடி விரட்டுகிற வெடியைப் போட்டாள். அந்தச் சத்தத்துக்கு நான் நிலத்தில் குப்புறப் படுத்துவிட்டேன். இத்தனை வருடம் கழித்தும் உடம்பு எதையும் மறக்கவில்லை. எழும்பிப் பார்த்தபோது கரடி போய்விட்டது, டோரீன் என் முதுகில் கை வைத்திருந்தாள்.

பிறகு அவள் அந்த மரத்தடிக்குப் போய் நெடுநேரம் பார்த்தாள். கரடி முதுகு உரசுகிற மரம் என்றால் மயிர் ஒட்டியிருக்கும், இங்கே மயிர் இல்லை, எதையோ தோண்டி எடுத்திருக்கிறது, என்ன இருந்தது இங்கே என்றாள்.

என் கண் கொட்டிலுக்குப் பின்னால் இருக்கும் பாறைக்குப் போனது. அந்தச் சாம்பல் குருவி கிடைப்பதை எல்லாம் உடனே தின்னாது. எச்சில் பூசிப் பசைபோல மரப்பட்டைக்குள் ஒட்டி, மாரிக்கு ஒளித்துவைக்கும். இதை முதல் கிழமையே டோரீன் எனக்குச் சொல்லியிருந்தாள்.

பதினேழு மாலைத் தீவனத்துக்கு வரவில்லை.

ஜூன் 1

விடிந்ததும் கரடி திரும்ப வந்தது. வேறு மரம், முன்னையதைவிட வேலிக்குக் கிட்ட. திரும்ப வெடி. திரும்ப மான்கள் ஓடின. ஒரு கன்று தாயைத் தவறவிட்டு வேலித் துணியில் முட்டிக் கத்தியது, தாய் வந்து கூட்டிப்போகும்வரை எனக்கு மூச்சில்லை. பதினேழைக் காணவில்லை.

டோரீன் கேத்திலை வைத்துக்கொண்டு நின்றாள். நான் பொதியைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன்.

“டோரீன், கரடி தேடுறது என்ரை கருவாட்டை.”

எல்லாவற்றையும் சொன்னேன். ஈரம், பாறை, வெயில், குருவி. அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நல்லாயிருக்கும்.

“ஆருக்குக் கொண்டுவந்தனீர்?”

“மகளுக்கு.”

“அவள்தான் வரவேண்டாம் எண்டவளே.”

“ஓம்.”

அவள் பொதியைத் தூக்கி மணந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள். அதை இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். பிறகு மைக்காவை வானொலியில் கூப்பிட்டு, சமையல் சாமானால் ஒரு பிழை நடந்துவிட்டது, நாங்கள் இருவரும் சரிப்பண்ணுகிறோம் என்றாள். இருவரும் என்றாள். அதற்குப் பிறகு எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஜூன் 2

மரம் மரமாக மணந்துகொண்டு திரிகிறோம். அறுபதை நெருங்கிய இரண்டு பெண்கள், மூக்கை மரப்பட்டையில் வைத்தபடி. யாராவது பார்த்தால் எங்களையும் வேலி போட்டு அடைப்பார்கள். டோரீனின் மூக்குக்குப் பிசின் மணம் மட்டும்தான் தெரிகிறது. பால்சுறாவை என் மூக்கு பத்தடி தள்ளியே பிடிக்கிறது. பட்டைச் செதிலுக்குக் கீழே, தொங்கும் பாசிக்குள்ளே, கிளைக் கவட்டில், எச்சில் காய்ந்து ஒட்டிப்போய் இருக்கிறது. நாலைந்து துண்டு என்று நினைத்தேன். குருவி ஒவ்வொன்றையும் கிழித்துப் பத்து இடத்தில் வைத்திருக்கிறது. கத்தியால் சுரண்டி, அந்த இடத்தை மணம் போக்குகிற மாவால் உரசிக் கழுவினோம்.

மேலே கிளையில் இருந்து அந்தக் கள்ளன் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் மாரிச் சாப்பாட்டை நான் களவெடுக்கிறேன் என்று நினைத்திருக்கும்.

ஜூன் 3

இன்னும் ஏழு மரம். கரடி தூரச் சரிவில் புல் மேய்கிறது, கிட்ட வரவில்லை. பதினேழைக் காணவில்லை. கழுத்துப் பட்டியின் சமிக்ஞை மட்டும் வருகிறது. உயிரோடு இருக்கிறது, அதிகம் அசையவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று டோரீனிடம் கேட்டேன். நல்லதாயும் இருக்கலாம், கெட்டதாயும் இருக்கலாம் என்றாள்.

ஜூன் 4

ஹெலியில் மைக்கா வந்தார். கோபத்தை மரியாதையாகச் சொன்னார், அதுதான் இன்னும் சுட்டது. பயந்து ஓடிய கர்ப்பிணி கன்றை இழக்கலாம், பெற்ற கன்றை விட்டுவிட்டும் போகலாம், இந்த மலையில் ஒரு கன்று என்றால் எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா என்றார். தெரியும் என்றேன். பொதியை இரும்புப் பெட்டியிலிருந்து எடுத்து ஹெலியில் வைத்தார். கீழே கொண்டுபோய்க் குப்பை உலையில் போட்டுவிடுவார்களாம்.

பிறகு என்னையும் இன்றைக்கே இறங்கச் சொன்னார். ஹெலியில் ஒரு இடம் இருந்தது. இன்று இறங்கினால் நாளை மறுநாள் டொரொண்டோவில் நிற்கலாம். பிரசவத் திகதிக்கு முன்னாலேயே. வேலையால் அனுப்பிவிட்டார்கள், அதனால் வந்தேன் என்று சொன்னால் பிள்ளையும் ஒன்றும் சொல்லமுடியாது. பையை நான் எப்போதோ கட்டி வைத்திருந்தேன்.

பதினேழைக் காணும்வரை நிற்கட்டுமா என்று கேட்டேன். கேட்டது என் வாய்தானா என்று எனக்கே சந்தேகம். மைக்கா டோரீனைப் பார்த்தார். கரடி பக்கத்தில் நிற்கும்போது எனக்கு இரண்டாவது ஆள் வேண்டும், பழக்கமான ஆள் என்றாள் அவள். அடுத்த வியாழன்வரை என்று சொல்லிவிட்டு அவர் ஏறிப்போனார்.

ஹெலி போன பிறகு பால்சுறாவின் மணம் கொட்டிலில் இல்லை. எனக்கு மட்டும் இருந்தது.

ஜூன் 5

கிழக்குச் சரிவைப் பார்த்தபடி ஒரு மரக்குற்றியில் இருந்தேன். டோரீன் தொலைநோக்கியைத் தந்துவிட்டு வேலி பார்க்கப் போனாள். நுளம்பு கடித்துப் பிய்த்தெடுக்கிறது.

மத்தியானம் மரங்களுக்கிடையில் பதினேழின் தலை தெரிந்தது. கொம்பு இல்லை. கர்ப்பிணிக் கரிபு குட்டி போடும்வரை கொம்பைக் கழற்றாது, போட்ட பிறகுதான் கழற்றும். ஆனால் கரு கலைந்தாலும் கழன்றுவிடும். அது குனிந்து எதையோ நக்கியது. கன்றையா, வெறும் நிலத்தையா, தெரியவில்லை.

பட்டிக் கதவு நூறு அடி தள்ளித்தான். சத்தம் போடாமல் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். என் கால் எழும்பியே விட்டது. கிட்டப் போனால் அது பயந்து எழும்பும். எழும்பினால் விட்டுவிட்டு ஓடும். உள்ளே கன்று உயிரோடு இருந்தால் என் பார்வையாலேயே அது செத்துப்போகும்.

இருந்தேன். இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு இருந்தேன்.

ஜூன் 6

இருந்தேன்.

ஜூன் 7

டோரீன் தேத்தண்ணி கொண்டுவந்து பக்கத்தில் இருந்தாள். நான் பிள்ளைத்தாச்சியாக இருந்த காலம் ஞாபகம் வந்தது. மாமி அடிக்கடி வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பா. அன்பில்தான். அவ கை வந்தால் என் வயிறு இறுகும். நான் ஒருநாளும் அதைச் சொன்னதில்லை. ஆரபி எனக்குச் சொல்லிவிட்டாள்.

ஜூன் 8

காலைத் தீவனம் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றோம். மற்றவை தின்று போன பிறகு, வழக்கம்போலக் கடைசியாக, அந்தச் சொடக்குச் சத்தம் கேட்டது. நான் கண்ணை மூடியே இருந்தேன். டோரீன் என் கையைப் பிடித்து நசித்தாள். திறந்து பார்த்தேன். பதினேழு. அதன் பின்காலுக்குப் பின்னால், ஒளித்து ஒளித்து, ஒரு கன்று. நல்ல நடை. மூன்று நாள் இருக்கும் என்றாள் டோரீன்.

அது தின்னும்வரை நாங்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பின்னேரம் மருமகன் நிரோஜனின் செய்தி. “மாமி, பெண் குழந்தை. வெள்ளிக்கிழமை பிறந்தது. ரெண்டு பேரும் சுகம். ஆரபி கொஞ்சம் ஆறட்டும் எண்டு இருந்தனாங்கள், குறை நினைக்காதேங்கோ.”

வெள்ளிக்கிழமை. பேத்தி பிறந்து மூன்று நாளாகிறது, எனக்கு இன்றைக்குத்தான் தெரிகிறது. கோபம் தலைக்கு ஏறியது. கருவியைக் கட்டிலில் எறிந்துவிட்டு வெளியே போய் வேலியை இரண்டு தடவை சுற்றினேன். மூன்றாவது சுற்றில் கோபம் இளைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை நான் குற்றியில், கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு இருந்த நாள்.

“சந்தோசம். ஆறுதலாகக் கதையுங்கோ” என்று மட்டும் எழுதினேன். எழுதி, கால் வீக்கம் பற்றி ஒரு வரி சேர்த்து, அதை அழித்து, அனுப்பினேன்.

ஜூன் 9

அவசரத்துக்கு வைத்திருக்கும் செய்மதித் தொலைபேசி மத்தியானம் அடித்தது. டோரீன் எடுத்து, கேட்டு, என்னிடம் நீட்டினாள். மைக்காவின் அலுவலகத்தில் கெஞ்சி இலக்கம் வாங்கியிருக்கிறாள் ஆரபி.

குரல் களைத்துப்போய் இருந்தது. பின்னால் குழந்தை அழுகிற சத்தம். பால் சரியாக வரவில்லையாம். நேர்ஸ் வந்து காட்டித் தந்தும் பிள்ளை பிடிக்குதில்லையாம். இரண்டு இரவாக நித்திரை இல்லையாம்.

“அம்மா, உங்களிட்டை சின்னம்மா அனுப்பின பால்சுறா இருக்கெல்லோ?”

நான் கதிரையில் இருந்துவிட்டேன். எங்கிருந்து தெரிந்தது என்று கேட்கவில்லை. என் பிள்ளைக்கு என்னைத் தெரியாதா?

“இருந்தது, பிள்ளை. இப்ப இல்லை.”

“என்ன நடந்தது?”

“மலையிலை காயவைச்சன். கரடி வந்திட்டுது.”

கோபிக்கிறாளாக்கும் என்று நினைத்தேன். பிறகு கேட்டது, சிரிக்கிறாள். மூச்சு முட்டச் சிரித்தாள், நிரோஜனைக் கூப்பிட்டு, அம்மா கரடிக்குக் கருவாடு போட்டவவாம் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். குழந்தையின் அழுகையும் கேட்டது, தாயின் அழுகையும் கேட்டது.

“கருவாடு இல்லாட்டியும் வாங்கோ அம்மா” என்றாள்.

வாய் வரை பத்துக் கேள்வி வந்தது. ஒன்றை மட்டும் கேட்டேன்.

“வந்து நான் என்ன செய்ய?”

“ஒண்டும் செய்யவேண்டாம். சும்மா பக்கத்திலை இருங்கோ.”

“இருப்பன்” என்றேன். “இப்ப இருக்கப் பழகிட்டன்.”

தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தபோது டோரீன் பாசி மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். வியாழன் ஹெலிக்கு இன்னும் இரண்டு நாள் என்றாள். தெரியும் என்றேன். அவளுக்கு எதிரே இருந்து நானும் பிரிக்கத் தொடங்கினேன். இந்த முறை அவள் ஒரு மூட்டை முடித்தபோது நானும் ஒன்றுதான் முடித்திருந்தேன்.

அதற்கிடையில் எழும்பிப் போய் என் பையை இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டியதை அவள் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.